மொட்டு வராத சாமந்தி, நுனி கருகும் இலை, அணைந்துபோகும் அகல்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் தொட்டிச் செடி வாடுவதற்கும், பண்டிகைக்குப் பூ தப்பிப்போவதற்கும் முதல் காரணம் பெரும்பாலும் பூச்சியோ நோயோ அல்ல. ஒன்று ஆழ்துளைக் கிணற்றின் (போர்) தண்ணீர், இன்னொன்று பருவம் தவறிச் செய்த வேலை. இலை மஞ்சளானதும் உரக்கடையில் கிடைக்கிற மருந்தை வாங்கி அடித்தால் காசுதான் போகும். கீழே அறிகுறியையே தலைப்பாக வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் கண்ணில் படுவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். தண்ணீர் பற்றிய முதல் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போக வேண்டாம்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தருமபுரியும் கிருஷ்ணகிரி நகரமும் ஏறக்குறைய 500 மீட்டர். ஒரே மாதத்தில் இரண்டு இடத்திலும் செடி ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வேறுபாடு முக்கியமான இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எதையும் தொடும் முன்: தண்ணீரைப் பாருங்கள்

சோப்பு நுரைக்கவில்லை, பக்கெட் ஓரத்தில் வெள்ளைப் படலம், தொட்டி விளிம்பிலும் மேல்மண்ணிலும் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது என்றால் தண்ணீர் கடினம், காரத்தன்மை அதிகம். அதோடு இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் கூடுதல். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கே அதுதான் காரணம். டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். ஃபுளோரைடு எவ்வளவு என்று அதில் தெரியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும், இரவெல்லாம் திறந்து வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. கொதித்து வற்றினால் இன்னும் கூடத்தான் செய்யும்.

மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் மலிவான வைத்தியம். 10 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர் வரும். சித்திரை, வைகாசியில் வரும் கோடை மழையின் முதல் தண்ணீரைத் தூசி கழுவ விட்டுவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள். டிரம்மின் வாயைப் பருத்தித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கொசுப்புழு வந்துவிடும்.

மழைத் தண்ணீர் இல்லாத மாதங்களில் மாதம் ஒருமுறை தொட்டியை அலசுங்கள். 10 லிட்டர் தொட்டிக்கு 20 லிட்டர் தண்ணீரை, இருப்பதில் நல்ல தண்ணீராகப் பார்த்து, அரை மணி நேரத்தில் மெதுவாக ஊற்றி அடித்துளை வழியாக ஓட விட வேண்டும். தேங்கிய உப்பு கரைந்து வெளியேறும். கூடவே சத்தும் போய்விடும் என்பதால் அலசிய பிறகு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றவே வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இலை நுனி மட்டும் பழுப்பாகிக் காய்கிறது

வீட்டுக்குள் வைக்கும் டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் இரண்டிலும் இது அடிக்கடி வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள், நுனி இன்னும் கருகும். இந்தச் செடிகளுக்கு ஃபுளோரைடு ஆகாது. வேர் வழியாக ஏறி, இலை ஓரத்திலும் நுனியிலும் தங்கி அந்தத் திசுவைச் சாகடித்துவிடும். கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. அதைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டிவிட்டு, இனிமேல் மழைத் தண்ணீர் அல்லது காவிரிக் குழாய்த் தண்ணீர் மட்டும் கொடுங்கள். சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு, அதை இந்தத் தொட்டிகளில் போடக்கூடாது. புதிதாக வரும் மூன்று நான்கு இலைகள் நுனி வரை பச்சையாக இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மண் புளித்தால் ஃபுளோரைடு இன்னும் எளிதாக வேரில் ஏறும் என்பதால், அடுத்த பகுதியில் வரும் சிட்ரிக் அமிலக் கரைசலை டிரசீனா தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள்.

இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

மல்லி, இட்லிப்பூ, ரோஜா, செம்பருத்தி எல்லாவற்றிலும் வரும். முதலில் எந்த இலை என்று பாருங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சைக் கோடுகளாகத் தெரிந்தால் இரும்புச் சத்துக் குறைவு. அடி இலைகள் முழுதாக மஞ்சளாகி உதிர்ந்தால் தழைச்சத்துக் குறைவு, அல்லது தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நம் செம்மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. தொடர்ந்து கடினத் தண்ணீர் ஊற்றி மண் காரமாகிவிட்டதால் இரும்பு கரையாமல் கிடக்கிறது, வேரால் எடுக்க முடியவில்லை. அதனால் இலை வழியாகக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் மழைத் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெரஸ் சல்பேட்) கரையுங்கள். கரைசல் வெளிறிய பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த பழுப்பு நிறத்துக்கு மாறிவிட்டால் இரும்பு வீணாகிவிட்டது, அதைக் கீழே கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். போர் தண்ணீரில் கலந்தால் இப்படி மாறுவது சீக்கிரமே நடக்கும். மாலை வெயில் தணிந்ததும் இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளியுங்கள். மாதம் ஒருமுறை, கொழுந்து பச்சையாகும் வரை. தொட்டியைச் சிமென்ட் தரையிலோ கிரானைட் படியிலோ வைத்துத் தெளிக்காதீர்கள், துருக்கறை பிடித்தால் போகாது.

ஓசூர் நர்சரி ரோஜா, வாங்கி வந்த மாதமே காய்கிறது

வாங்கும்போது நான்கு பூ, பத்து மொட்டு. மூன்றாவது வாரம் இலை உதிர்ந்து குச்சி. தண்ணீர் தினமும் ஊற்றியும் காய்கிறதே என்று கேட்பார்கள். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். வேரைச் சுற்றி, உருண்டையாகப் பிடித்த களிச் செம்மண் கட்டி இருக்கும். லாரியில் ஏற்றும்போது சிதறாமல் இருக்கப் பிடிக்கும் கட்டி அது. ஒருமுறை காய்ந்துவிட்டால் அது செங்கல் மாதிரி இறுகிவிடும். அதைச் சுற்றி நீங்கள் போட்ட பொலபொலப்பான மண் வழியாகத் தண்ணீர் இறங்கி ஓடிவிடும், கட்டிக்குள் ஒரு சொட்டும் போகாது. மேல்மண் ஈரம், வேர் வறட்சி.

நர்சரிக் கவரோடு, ஏற்கெனவே நட்டுவிட்டிருந்தால் அந்தக் கட்டியோடு, செடியை ஒரு பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, கவர் இருந்தால் கிழித்து, கட்டியின் வெளிப்புறத்தை விரலால் கரைத்துக்கொண்டே வாருங்கள். பாதி மண்ணை எடுத்தால் போதும். நடுவில் வேரோடு ஒட்டியிருப்பதைப் பிய்க்க வேண்டாம். தோட்டச் செம்மண் 2 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு, ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் 1 பங்கு கலந்த மண்ணில், ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் தெரியும்படி நடுங்கள். இருக்கிற பூவையும் மொட்டையும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டிவிடுங்கள். வேர் பிடிக்கும் வரை பூ செடிக்குச் சுமை. ஒரு வாரம் நிழல், அடுத்த பத்து நாள் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில். நிழல்குடிலில், 900 மீட்டர் உயரக் குளிரில் வளர்ந்த செடியைச் சித்திரை மாதத்துத் தருமபுரி மொட்டை மாடியில் நேராக வைத்தால் தாங்காது. கீழ்ப்பக்கத்து ஊர்க்காரர்கள் ஆடியிலிருந்து ஐப்பசிக்குள் வாங்குவதே நல்லது.

ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து கிளம்பும் கொழுத்த போத்தை உடனே அடியோடு பிய்த்தெடுங்கள். அது காட்டு ரோஜா. விட்டால் ஒட்டுக் கிளையைச் சாகடித்து அது மட்டும் நிற்கும்.

குண்டுமல்லி தழைக்கிறது, பூ இல்லை

மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு விடும். கவாத்து இல்லாமல் பழைய கிளை நீண்டுகொண்டே போனால் பூ குறையும். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 முதல் 50 செ.மீ. விட்டு முழுச் செடியையும் வெட்ட வேண்டும். அதற்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். வெட்டிய பிறகு மீதி இலைகளை உருவிவிட்டு, தொழு உரம் இரண்டு கை, வேப்பம் புண்ணாக்கு ஒரு கை போட்டு மண்ணைக் கிளறி நீர் விடுங்கள். மாசி, பங்குனியில் மொட்டு பிடிக்கும். ஐந்து மணி நேர நேர்வெயில் இல்லாத இடத்தில் எவ்வளவு வெட்டினாலும் இலைதான் வரும். யூரியா போடுவதும் இலைக்கே போகும்.

கவாத்து தவறிவிட்டது, இப்போது ஆனி மாதம் என்றால் அடியோடு வெட்டாதீர்கள். பூத்து முடிந்த ஒவ்வொரு நுனியையும் இரண்டு கணு கீழே கிள்ளிவிடுங்கள், அடுத்த தளிரில் மொட்டு வரும்.

மொட்டு வருகிறது, ஆனால் ஊதா நிறமாகிச் சுருங்கி விழுகிறது என்றால் அது மொட்டு ஈயின் வேலை. மொட்டில் ஓட்டையும் நூலாம்படையும் எச்சமும் இருந்தால் மொட்டுப்புழு. ஈயின் புழு மண்ணில் விழுந்துதான் கூட்டுப்புழுவாகும். அதனால் மருந்தை விட முக்கியம், விழுந்த மொட்டை தினமும் பொறுக்கி எரிப்பதும், மேல்மண்ணைக் கிளறி வேப்பம் புண்ணாக்கு போடுவதும். இரண்டுக்குமே வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம்: 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊற வைத்து, காலையில் துணியில் வடிகட்டி, ஒரு சிட்டிகை சோப்புத் தூள் கலந்து அன்றே அடித்துவிட வேண்டும்.

சாமந்தி செழிப்பாக நிற்கிறது, ஐப்பசி போயும் மொட்டு இல்லை

தெருவிளக்கைப் பாருங்கள். கேட்டில் விடிய விடிய எரியும் எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. உரம் மாற்றுவார்கள், தொட்டி மாற்றுவார்கள், கடைசியில் நாற்று சரியில்லை என்பார்கள்.

சாமந்தி இருட்டைக் கணக்குப் பார்க்கும் செடி. இரவு நீண்டு, இடையில் வெளிச்சம் படாமல் இருந்தால்தான் இலை விடுவதை நிறுத்தி மொட்டு வைக்கும். நம் பகுதியில் ஜூன் கடைசியில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 25 நிமிடம். இந்தச் சிறிய வித்தியாசத்தைத்தான் செடி பிடித்துக்கொள்கிறது. அதில் ஒரு பல்பு வெளிச்சம் சேர்ந்தால் அதற்கு இன்னும் கோடைதான். இரவு பத்து மணிக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று செய்தித்தாளைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த இடம் சாமந்திக்கு ஆகாது.

தொட்டியை வீட்டின் இருட்டுப் பக்கத்துக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் மாலை 6 மணிக்கு அட்டைப்பெட்டி அல்லது இரண்டு மடிப்புக் கறுப்புத் துணியால் மூடி, காலை 7 மணிக்கு எடுங்கள். மொட்டு கண்ணுக்குத் தெரியும் வரை, அதாவது மூன்று நான்கு வாரம், ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். இருட்டு தொடங்கி பூ விரிய ஒன்பது பத்து வாரம் பிடிக்கும். பொங்கலுக்கு வாசலில் பூத்த தொட்டி வேண்டுமானால் நவம்பர் முதல் வாரத்தில் இருட்டு தொடங்கியிருக்க வேண்டும்.

ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென வளர்ந்து நான்கு பூ மட்டும் வருவது வேறு பிழை. நட்ட நான்காவது வாரம் நுனியைக் கிள்ளியிருக்க வேண்டும். மொட்டு வந்த பிறகு கிள்ளினால் பூவே போய்விடும்.

ஆயுத பூஜை முடிந்த பிறகு செண்டுமல்லி பூக்கிறது

விதை தாமதம், வேறொன்றும் இல்லை. விதைத்து 25 முதல் 30 நாளில் நாற்று, நட்டு 45 முதல் 60 நாளில் பூ. ஆனி கடைசி வாரத்தில் விதைத்தால் ஆயுத பூஜைக்கு மாலை கட்டலாம். பொங்கலுக்கு என்றால் ஐப்பசி முதல் வாரம் கடைசி.

ஆடியில் போட்ட அவரை, பந்தல் முழுக்க ஓடியும் பூக்கவில்லை

நாட்டு அவரையும் மொச்சையும் சாமந்தி போலவே பகல் குறைவதற்குக் காத்திருக்கும். ஆடியில் போட்டாலும் ஆவணியில் போட்டாலும் பூ ஐப்பசிக்குப் பிறகுதான். கொடியை வெட்ட வேண்டாம், உரம் கொட்ட வேண்டாம். பனி விழ ஆரம்பித்ததும் பூங்கொத்தில் கறுப்பாக அசுவினி அப்பும். முதல் நாளே அந்த நுனியை விரலால் வழித்து நசுக்கிவிடுங்கள். மறுநாள் காலை பனி ஈரத்தோடு சலித்த அடுப்புச் சாம்பல் தூவினால் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை என்றால் ஒரு லிட்டரில் 5 மி.லி. வேப்பெண்ணெயை 2 மி.லி. திரவ சோப்போடு அடித்துக் கலக்கித் தெளியுங்கள். தை மாதத்தில் பச்சை மொச்சைக் குழம்பும் ராகிக் களியும் சாப்பிட நினைக்கிறவர்கள் இந்த இரண்டு வாரம் மட்டும் கவனமாக இருந்தால் போதும்.

மார்கழிக் கோலத்தில் இழை உடைகிறது, பரவுகிறது, பறக்கிறது

உடைந்தால் மாவு கரடு, அல்லது பனியில் ஈரம் ஏறிக் கட்டி பிடித்திருக்கிறது. வெயிலில் ஒரு மணி நேரம் காயவைத்து, மைதா சலிக்கிற சல்லடையில் சலித்து, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். கல்மாவு 3 பங்குக்கு அரிசி மாவு 1 பங்கு சேர்த்தால் இழை சீராக விழும். இழை பரவினால் தண்ணீர் தெளித்ததும் அவசரப்பட்டுப் போட்டிருக்கிறீர்கள். தேங்கிய பளபளப்பு போய்த் தரை கறுத்து நிற்கும் நேரத்தில் தொடங்குங்கள். பறந்தால் தரை காய்ந்துவிட்டது.

பாலிஷ் போட்ட கிரானைட் வாசலில் உலர்மாவு நிற்காது, காலும் வழுக்கும். அங்கே மாக்கோலம்தான் சரி. ஒரு தம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து வெண்ணெயாக அரைத்து, துணியில் நனைத்துப் பிழிந்தால் விரல் வழியே தடையில்லாமல் ஓடும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். போட்டவுடன் கோடு தெரியவே தெரியாது. தெரியவில்லையே என்று மேலே இன்னொரு முறை இழுப்பவர்களுக்குத்தான் காய்ந்ததும் தடித்து உரியும். பத்து நிமிடம் பொறுத்தால் வெள்ளை தானாக எழும்.

சாணி உருண்டையில் வைக்கும் பூசணிப்பூ பறித்த கொஞ்ச நேரத்தில் தொங்கிவிடுகிறது என்றால் பறிக்கும் நேரம் தவறு. பூசணிப்பூ விடியலில் விரியும், மதியத்துக்குள் மூடிவிடும். விரியும்போதே பறித்து உடனே சாணியில் செருகுங்கள். நீண்ட மெல்லிய காம்புள்ளது ஆண் பூ, அதை மட்டும் பறியுங்கள். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ, அது கொடியிலேயே இருக்கட்டும். அதற்கு மகரந்தம் வேண்டும் என்பதால் ஆண் பூவிலும் தினம் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். விதைத்து 40 நாளுக்கு மேல்தான் பூ வரும், ஆகவே ஐப்பசி பாதிக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும். மார்கழிப் பனியில் இலை மேல் சாம்பல் படர்ந்தால் பால் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து காலை வெயிலில் வாரம் ஒருமுறை தெளியுங்கள். நனையும் கந்தகத்தைப் பூசணி வகைக்கு அடிக்கக்கூடாது, இலை வெந்துவிடும்.

பொங்கலுக்கு அடித்த வெள்ளை கையில் ஒட்டுகிறது, உரிகிறது

கையில் ஒட்டினால் பசை இல்லை, அல்லது சுவர் காய்ந்த நிலையில் அடித்திருக்கிறீர்கள். சுண்ணாம்பு ஈரத்தோடு மெதுவாகக் காய்ந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகும். மதிய வெயிலில் சுவர் ஈரத்தைக் குடித்துவிட்டால் அது பொடியாகவே நின்றுவிடும். பொறுக்காக உரிந்தால் ஒரே பூச்சில் தடிப்பாக ஏற்றியிருக்கிறீர்கள், அல்லது அடியில் பழைய டிஸ்டம்பர் இருக்கிறது. டிஸ்டம்பர், எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. சுரண்டி எடுத்தே ஆக வேண்டும்.

கிளிஞ்சலோ கல்லோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோவுக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சுண்ணாம்பு மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஒரு நாள் முழுக்க நீற விட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, வெந்நீரில் கரைத்த வஜ்ஜிரப் பசை சேருங்கள், ஒரு கிலோ சுண்ணாம்புக்கு 4 கிராம் போதும். சுவரைத் துடைப்பத்தால் தூசி தட்டி, தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, மட்டையால் ஒரு கை மேலிருந்து கீழ், காய்ந்ததும் அடுத்த கை குறுக்காக. அடிக்கும்போது வெளிறித்தான் தெரியும், மறுநாள்தான் வெண்மை வரும்.

தோரணம் ஒரே நாளில் சுருள்கிறது. காப்பில் பூளைப்பூ உதிர்கிறது

செம்பு நிறக் கொழுந்து மாவிலை நிற்காது. கரும்பச்சையாக முற்றிய இலையை மாலையில் காம்போடு பறித்து, இரவு தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் துடைத்துப் பருத்தி நூலில் கட்டுங்கள். பொங்கலுக்குப் பறிக்கும்போது கிளை நுனியை ஒடிக்காதீர்கள். மா அந்த நுனியில்தான் தை, மாசியில் பூக்கும். கொத்தாக ஒடித்தால் அந்தக் கிளையின் காயையும் சேர்த்து ஒடித்ததாகிவிடும். தனித்தனி இலையாகப் பறியுங்கள்.

காப்புக் கட்டும் பூளைப்பூ பஞ்சாக உதிர்ந்தால் முற்றிவிட்டது என்று பொருள். கதிரின் அடிப்பகுதி இன்னும் இளம்பச்சையாக இருப்பதைப் பறியுங்கள். ஆவாரம்பூவைத் தனிப் பூவாகப் பறிக்காமல் மொட்டுள்ள கொத்தாக ஒடித்தால் மறுநாளும் இரண்டு பூ விரியும்.

அகல் எண்ணெயைக் குடிக்கிறது, புகைகிறது, அணைகிறது

புது அகலின் மண் நுண்துளைகளில் எண்ணெய் இறங்கும். முதல் நாள் இரவு தண்ணீரில் மூழ்க வைத்து, காலையில் எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். துளைகளில் தண்ணீர் இருக்கும், எண்ணெய்க்கு இடமிருக்காது. உள்பக்க மேலீரம் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் திரி படபடவென்று வெடிக்கும். புகைந்தால் திரி நீளம். விளிம்புக்கு வெளியே அரை செ.மீ. போதும். ஏற்றும் முன் திரி முழுக்க எண்ணெயில் ஊறியிருக்க வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் கார்த்திகை இரவில் விளக்கு பாதியில் அணைவதற்குத் தேங்காய் எண்ணெய்தான் காரணமாக இருக்கும். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வாசலில் வைத்த அகலில் சுடருக்குப் பக்கத்தில் உருகியும் ஓரத்தில் வெள்ளையாகக் கட்டியும் நிற்கும், திரிக்கு ஓடி வராது. நல்லெண்ணெய் ஊற்றுங்கள். தனி விளக்கெண்ணெய் குளிரில் ரொம்பக் கெட்டி, நல்லெண்ணெயோடு பாதிக்குப் பாதி கலந்தால் நிதானமாக எரியும். வெளிர் நிறக் கிரானைட் படியில் அகலுக்கு அடியில் ஆமணக்கு இலையோ தட்டோ வையுங்கள். கறை விழுந்துவிட்டால் மைதாவைக் குவித்து ஒரு இரவு விட்டுத் துடைத்தால் புதுக்கறை பெரும்பாலும் இறங்கிவிடும்.

மா இலையெல்லாம் கறுப்பு, பூ கொட்டுகிறது

இலையைத் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கும். தத்துப்பூச்சி சாறை உறிஞ்சிக் கழிக்கும் தேன்போன்ற நீரில் கரும்பூசணம் வளர்கிறது. கறுப்பை அகற்ற 250 கிராம் மைதாவை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் காய்ச்சி, 5 லிட்டராக்கி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்து பொறுக்காக உதிரும்போது பூசணத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். மேகமூட்டத்தில் செய்தால் பயனில்லை. பூச்சி அண்டாமல் இருக்க, அறுவடை முடிந்த ஆடி, ஆவணியில் உள்கிளைகளை வெட்டி வெளிச்சம் விட வேண்டும். மார்கழியில் வெட்டினால் பூ போகும். கார்த்திகை கடைசியிலிருந்து தண்ணீரையும் நிறுத்துங்கள். அப்போது ஊற்றினால் பூவுக்குப் பதில் கொழுந்து தள்ளும். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் மறுபடி தொடங்கலாம். பூங்கொத்தில் வெள்ளை மாவு படிந்தால் சாம்பல் நோய். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் மட்டும். மாம்பூவில் பெரும்பங்கு ஆண் பூ என்பதால் உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பழுக்க வைத்த மாம்பழம் காம்பில் கறுக்கிறது, வடு குழைகிறது

ஒரு செ.மீ. காம்போடு அறுத்து, காம்பு கீழே இருக்கும்படி இரண்டு மணி நேரம் கவிழ்த்துப் பாலை வடிய விடுங்கள். பால் பட்ட தோல் வெந்து கறுக்கும், அழுகல் அங்கே தொடங்கும். கழுவிய பிறகு 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் வைத்தால் காம்பழுகல் நன்றாகக் குறையும். கோடையில் ஒரு பங்கு கொதிநீருக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வரும், ஆனால் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதே சரி. துடைத்து, வைக்கோல் மெத்தையில் ஒன்றை ஒன்று இடிக்காமல் அடுக்குங்கள். பழுக்கும் முன் பிரிட்ஜில் வைத்தால் பழுக்காமலே தோல் கறுக்கும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி தடை செய்யப்பட்டது, வீட்டிலும் வேண்டாம். அல்போன்சா வெளியே நன்றாக இருந்து உள்ளே வெள்ளைப் பஞ்சாக இருந்தால் அடுத்த ஆண்டு கொஞ்சம் முன்பே அறுத்து, மரத்தடியில் சருகு மூடாக்குப் போடுங்கள்; தரைச் சூடு ஏறுவதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். கிளிமூக்கில் இந்தத் தொல்லை கிடையாது.

மாசி, பங்குனியில் போடும் மாவடு குழைந்தால் உப்புக் குறைவு, அல்லது காற்றில் விழுந்து அடிபட்ட வடுவையும் சேர்த்திருக்கிறீர்கள். மரத்தில் பறித்த 1 கிலோ வடுவைக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்து, இரண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெய் தடவி, 200 கிராம் கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் போட்டு ஜாடியில் குலுக்குங்கள். மூன்று நான்கு நாளில் வடு சுருங்கித் தண்ணீர் விடும். அந்தத் தண்ணீரில் 50 கிராம் மிளகாய்த்தூளும் 25 கிராம் கடுகுத்தூளும் கரைத்து ஊற்றுங்கள். வடு எப்போதும் அந்தத் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். மேலே மெல்லிய வெள்ளை ஏடு மட்டும் என்றால் எடுத்துப் போட்டு, தண்ணீரை வடித்து இன்னும் இரண்டு கை உப்போடு கொதிக்க வைத்து, முழுக்க ஆறியதும் திரும்ப ஊற்றுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் ஜாடியோடு கொட்டிவிட வேண்டியதுதான்.